அந்தப் பை யாருடையது?

காசிக்கும் காஞ்சிக்கும் உள்ள பொருத்தங்களைச் சொல்லத் தொடங்கினால் நீண்டுகொண்டே போகும். முக்தி தரும் ஏழு நகரங்கள் என்ற பழைய வரிசையில் இரண்டும் உண்டு. தென்னாட்டிலிருந்து அந்த வரிசையில் இடம்பெற்றது காஞ்சி மட்டும்தான். இரண்டு ஊரிலும் பட்டுத் தறி ஓடுகிறது. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களும் சாமி கும்பிட வருகிறவர்களும் ஒரே ரயிலில், ஒரே பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். பலர் இரண்டு வேலையையும் ஒரே நடையில் முடித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

2006 மார்ச் 7, செவ்வாய்க்கிழமை மாலை, காசியில் குண்டு வைத்தவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று சங்கட மோசன் அனுமன் கோயில். செவ்வாய் அனுமனுக்குரிய நாள் என்பதால் கூட்டம் நிறைந்திருந்தது. உள்ளே ஒரு கல்யாணமும் நடந்துகொண்டிருந்தது. இன்னொன்று கன்டோன்மென்ட் ரயில் நிலையம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்றே, படித்துறைக்குப் போகும் நெரிசலான கடைத்தெருப் பக்கம், வெடிக்காத குண்டு ஒன்றும் கண்டெடுக்கப்பட்டது.

கோயில், ஸ்டேஷன், கடைத்தெரு. காஞ்சிபுரத்துக்காரர் யாரும் இந்த மூன்றையும் படித்துவிட்டு அப்படியே பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. வரதராஜப் பெருமாள் கோயில், ஊர் நடுவே இருக்கிற பேருந்து நிலையம், காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகள் என்று மனம் தானாகவே பொருத்திப் பார்த்துவிடும். காஞ்சி நகரம் அப்படி ஒரு மாலையைக் கண்டதில்லை. இனியும் காணக் கூடாது என்றால், பேருந்தையும் ரயிலையும் காப்பது என்பது என்ன வேலை, அதை யார் செய்கிறார்கள் என்பதை இந்த ஊர் அமைதியாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

வாசல் இல்லாத ஸ்டேஷன்கள்

குண்டு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது விமான நிலையம். பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று, பையைக் கருவிக்குள் விடு. அதையே ரயிலுக்கும் பேருந்துக்கும் செய்துவிட்டால் என்ன என்று ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் யாராவது கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. அரக்கோணம் – செங்கல்பட்டுத் தடத்தில் ஒருமுறை போய்வந்தால் பதில் தெரிந்துவிடும். தக்கோலம், திருமால்பூர், காஞ்சிபுரம், காஞ்சிபுரம் கிழக்கு, நத்தப்பேட்டை, வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர், வில்லியம்பாக்கம். இவற்றில் பாதி நிலையங்களுக்கு வயல்வெளியிலிருந்து நேராக நடைமேடைக்கு ஏறிவிடலாம். எந்தப் பக்கம் வாசல் வைப்பது? வைத்தால் யார் அங்கே நிற்பது? இந்திய ரயில்வேயில் 7,000க்கும் மேற்பட்ட நிலையங்கள். ஒரு நாளில் பயணம் செய்கிறவர்கள் ஏறத்தாழ 2 கோடிப் பேர். காலையில் சென்னைக் கடற்கரை நிலையத்துக்குப் போகும் யூனிட் ரயிலைப் பிடிக்க ஓடிவருகிறவரை ஐந்து நிமிடம் நிறுத்திச் சோதித்தால் அவர் வேலை போகும், ஊரே நின்றுபோகும்.

பேருந்து இதைவிடத் திறந்தது. செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர், ஆரணி, திருப்பதி, வேலூர், தாம்பரம், கிளாம்பாக்கம் என்று காஞ்சியிலிருந்து கிளம்புகிற வண்டிகள் வழியெல்லாம் நின்று ஆள் ஏற்றுகின்றன. கை காட்டினால் நிற்கிற வண்டிதான் ஏழைகளுக்கு உதவுகிற வண்டி. திறந்திருப்பது பொதுப் போக்குவரத்தின் குறையல்ல, அதுதான் அதன் இயல்பு.

வாசலில் சோதனை வைத்த இடங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ரஷ்யாவின் வோல்கோகிராத் ரயில் நிலையத்தில் 2013 டிசம்பர் 29 அன்று தற்கொலைக் குண்டுதாரி வெடித்தது உள்ளே போய் அல்ல. நுழைவாயிலில் உலோகச் சோதனைக் கருவிகளுக்குப் பக்கத்தில். பதினெட்டுப் பேர் இறந்தார்கள். உள்ளே இருக்கும் கூட்டத்தைக் காக்க வைத்த சோதனை, வாசலில் இன்னொரு கூட்டத்தைச் சேர்க்கிறது. சென்னை மெட்ரோவிலும் டெல்லி மெட்ரோவிலும் பையைச் சோதிக்கிறார்கள், அங்கே அது நடக்கிறது. வாசல்கள் எண்ணிக்கையில் அடங்கியவை, கட்டும்போதே அதற்கு இடம் விட்டுக் கட்டியவை. பழைய ரயில் தடத்துக்கும் டவுன் பஸ்ஸுக்கும் அந்த வழி பொருந்தாது.

அப்படியானால் எது காக்கிறது? ஒரே பெயருள்ள ரயிலுக்கு இருமுறை நேர்ந்ததைச் சொல்கிறேன்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், இரண்டு இரவுகள்

அரியலூர் அருகே மருதையாறு. 1956 நவம்பரில் வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும், அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியதும் பாடப் புத்தகம் வரைக்கும் போன செய்தி. அதே ஆற்றின் பாலம் 1987 மார்ச் 15 அன்று மறுபடியும் உடைந்தது. இம்முறை வெள்ளம் காரணமல்ல. பாலத்தில் குண்டு வைத்திருந்தார்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸின் பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழரசன் தலைமையிலான தமிழ்நாடு விடுதலைப் படை மீது குற்றம் சாட்டப்பட்டது. தமிழனின் பெயரைச் சொல்லி வைத்த குண்டில், திருச்சிக்குப் போக டிக்கெட் எடுத்த தமிழர்கள் செத்தார்கள். ஓடுகிற ரயிலில் எந்தக் கொள்கையின் எதிரியும் உட்கார்ந்திருப்பதில்லை. பெர்த்தில் தூங்குகிற ஜனம்தான் இருக்கும்.

இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2010 ஜூன் 12 அதிகாலை, விழுப்புரம் மாவட்டம் சித்தணி அருகே, பேரணிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில், தண்டவாளம் குண்டுவெடிப்பில் துண்டாகிக் கிடந்தது. திருச்சியிலிருந்து சென்னைக்கு அதே தடத்தில் வந்துகொண்டிருந்தது மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். அதற்குச் சற்று முன் அந்த இடத்தைக் கடந்த ரயிலில் பணியிலிருந்தவர்கள் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து நிலையத்துக்குத் தகவல் சொன்னார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் அதை நம்பினார்கள். பின்னால் வந்த வண்டி, உடைந்த இடத்தை எட்டுமுன்பே நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் தூக்கம் கலைந்து, வண்டி ஏன் நிற்கிறது என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு நேர்ந்தது.

இதில் கருவி எதுவும் இல்லை. தினமும் அதே தடத்தில் போய்வருகிறவருக்கு இந்த இடத்தில் வண்டி எப்படி ஆடும், எப்படிச் சத்தம் போடும் என்று தெரியும், அன்று அது மாறியிருந்தது தெரிந்தது, சொன்னார், கேட்டார்கள். இந்த நான்கில் ஒன்று தவறியிருந்தாலும் மருதையாறு திரும்ப நிகழ்ந்திருக்கும்.

கடைசிக் கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே கதை இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, மீனம்பாக்கம் விமான நிலையம். விமானத்தில் ஏற வேண்டிய பயணி ஏறவில்லை. அவருடைய பெட்டிகள் மட்டும் நிலையத்தில் கிடந்தன. பெட்டிக்குள் குண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. இது கடத்தல் சரக்கை வெளியே எடுக்க யாரோ செய்கிற தந்திரமாக இருக்குமோ என்று சுங்கத் துறையினர் ஐயப்பட்டதாகவும், பெட்டிகளை அகற்றுவதில் நேரம் கடந்ததாகவும் அப்போதைய செய்திகள் பதிவு செய்திருக்கின்றன. வெடித்தபோது 33 உயிர்கள் போயின. அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். கொழும்பு விமானத்தைக் குறிவைத்து ஓர் ஈழ ஆயுதக் குழு அனுப்பிய பெட்டிகள் அவை.

அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல்மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். அதிலும் பயணி ஏறவில்லை, பெட்டி ஏறியது. ஆளில்லாத பெட்டி விமானத்தில் போகக் கூடாது என்ற விதி உலகெங்கும் இறுகியது இதற்குப் பிறகுதான். மீனம்பாக்கம் ஓர் ஆண்டு முன்பே அதே பாடத்தைச் சொன்னது. கேட்க ஆளில்லை.

கண்டக்டரிடம் கொடுத்துவிட்ட பார்சல்

இனி காஞ்சிக்கு வருகிறேன். ஆளில்லாத பை இந்த ஊரில் ஓர் அன்றாடச் சங்கதி. பிள்ளையார்பாளையத்திலோ அய்யம்பேட்டையிலோ நெய்கிறவருக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் மூட்டையாக வரும். நெய்த புடவை மூட்டையாகப் போகும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பார்சலை வைத்து, இறங்குமிடத்தில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போவது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். பூக்கூடை தனியாகப் போகிறது. மருந்துப் பை தனியாகப் போகிறது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமே 2022இல் பார்சல் சேவையை முறைப்படி தொடங்கியது. முகவரியும் ரசீதும் உள்ள பார்சல் நல்ல ஏற்பாடு. வாய்வார்த்தையில் போகும் பார்சலைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது.

இந்தப் பழக்கத்தை ஒரே நாளில் ஒழித்துவிடு என்று சொல்வது எளிது. சொல்கிறவர் வீட்டில் தறி இருக்காது. நெசவுக் கூலியில் கூரியர் கட்டணத்தைக் கழித்துப் பார்த்தால் அது புரியும். கொடுத்தவரின் பெயரும் போன் எண்ணும் எழுதாத பார்சலை ஏற்றுவதில்லை என்று கண்டக்டர் பிடிவாதமாக இருக்கட்டும். அந்தப் பிடிவாதத்துக்கு டிப்போ அவர் பின்னால் நிற்கட்டும். அந்த அளவுக்குக் கேட்கலாம்.

ஐரிஷ் ஆயுதக் குழுவின் குண்டுகளைப் பல ஆண்டுகள் சந்தித்த பிரிட்டன், ரயில் ஊழியர்களுக்கு ஒரு சுலபமான பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. அங்கே நாள்தோறும் எத்தனையோ பைகளை மறந்து விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நிலையத்தை மூடினால் ரயில் ஓடாது. அதனால் மூன்று கேள்வி கேட்கச் சொன்னார்கள். அந்தப் பொருளை யாராவது வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறார்களா? கம்பி, பேட்டரி, விநோத வாடை என்று பார்த்தாலே சந்தேகம் வருகிறதா? அந்த இடத்தில் வழக்கமாகக் காணும் பொருள்தானா? முதல் இரண்டையும் யாரும் பார்த்துச் சொல்லலாம். மூன்றாவதற்குப் பதில் சொல்ல ஊர் தெரிந்தவர் வேண்டும்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் தூணோரம் கிடக்கும் மஞ்சள் பை வழக்கமான பொருள். பட்டு நூல் மூட்டையும் அப்படியே. வாழையிலைக் கட்டு, எவர்சில்வர் அடுக்கு, கல்யாணச் சீர்த்தட்டு எல்லாம் வழக்கம்தான். டெல்லியிலிருந்து வந்த அதிகாரிக்கு இவை ஒவ்வொன்றும் சந்தேகமாகப் படலாம். உண்மையில் சந்தேகிக்க வேண்டிய ஒன்றை அவர் தாண்டிப் போய்விடவும் கூடும். அங்கே பூக்கட்டி விற்கிற அம்மாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. எந்த வண்டிக்கு யார் வருவார்கள், எந்தக் கூடை யாருடையது, யார் முகம் புதிது என்று அவருக்குத் தெரியும். டைம் கீப்பருக்குத் தெரியும். ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவருக்கும், கழிப்பறையில் காசு வாங்குகிறவருக்கும், விடியுமுன் நடைமேடையைப் பெருக்குகிறவருக்கும் தெரியும். தண்டவாளத்தில் நடந்தே போகிற கீமேனுக்கு ஒவ்வொரு ஜல்லிக்கல்லும் தெரியும்.

இவர்களைத்தான் நம் பாதுகாப்புத் திட்டங்கள் மறந்துவிடுகின்றன. 2006 மும்பை ரயில் தாக்குதலுக்குப் பிறகு ரயில்வே 202 நிலையங்களுக்கு ஒருங்கிணைந்த பாதுகாப்பு அமைப்பை வகுத்தது. கேமரா, பைச் சோதனைக் கருவி, வெடிபொருளைக் கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் வசதி எல்லாம் அதில் உண்டு. தேவையானவைதான். ஆனால் கேமராவில் பதிவாவது பெரும்பாலும் நடந்த பிறகு பார்க்கத்தான் உதவுகிறது. நடக்குமுன் பார்ப்பவர் துப்புரவுத் தொழிலாளி. அவரை ஒப்பந்தக்காரர் வைக்கிறார், மாற்றுகிறார். கிடக்கும் பையைக் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சொன்னால் நின்று கேட்பார்களா, போய் வேலையைப் பார் என்பார்களா? ஓர் ஊரின் பேருந்து நிலையம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், கேமராவின் எண்ணிக்கையைக் கேட்கமாட்டேன். பெருக்குகிறவர் ஒன்றைச் சொன்னால் இன்ஸ்பெக்டர் எழுந்து வருவாரா என்று கேட்பேன்.

2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. நிலையத்தில் 58 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த எண்ணிக்கை இன்னும் ஏறாமல் தடுத்தவர்களில் ஒருவர் துப்பாக்கி இல்லாதவர். அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே, தன் அறையிலிருந்தபடி, பின்பக்க வாசல் வழியாக வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார். எந்த நடைமேடைக்கு எது பின்வாசல் என்று தெரிந்த ஒருவர் அந்த இருக்கையில் இருந்தார். பல நிலையங்களில் இன்று அறிவிப்பைச் செய்வது பதிவுசெய்த குரல். அதற்கு அவசரத்தில் வழி சொல்லத் தெரியாது. அந்த மைக்கைப் பிடிக்கத் தெரிந்த மனிதர் ஒருவர் எல்லா நேரமும் அங்கே இருந்தாக வேண்டும்.

முகத்தைப் பார்த்தல்ல

பார்த்துச் சொல்லுங்கள் என்று ஊரிடம் கேட்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சிலர் பையைப் பார்க்கமாட்டார்கள். தாடியைப் பார்ப்பார்கள், பர்தாவைப் பார்ப்பார்கள், வடக்கத்தி முகத்தைப் பார்ப்பார்கள். இதைத் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் 1987 ஏப்ரல் 21 அன்று கொழும்பு புறக்கோட்டை மத்திய பேருந்து நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1996 ஜூலை 24 மாலை தெஹிவளையில் வேலை முடிந்து வீடு திரும்பியவர்களின் ரயிலில் வெடித்தவை 64 பேரைக் கொன்றன. கொடுமை, சந்தேகமில்லை. அதற்குப் பின் சோதனைச் சாவடிதோறும் பேருந்தை நிறுத்தி இறக்கியபோது, அடையாள அட்டையில் பெயரைப் படித்ததும் தனியே ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்கள் தமிழர்கள். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பினார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். ஏற்றி அனுப்பப்பட்டவர்களில் யாரும் மறுநாள் எதையாவது கண்டிருந்தால் போலீஸிடம் சொல்லப் போயிருப்பார்களா?

நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்கலாம். மருதையாற்றில் குற்றம் சாட்டப்பட்டது தமிழ்த் தேசியத் தீவிரவாதக் குழு. மீனம்பாக்கத்தில் ஈழக் குழு. 1997 டிசம்பர் 6 அன்று சேரன், பாண்டியன், ஆலப்புழா எக்ஸ்பிரஸ்களில் வெடித்தபோது குற்றம் சாட்டப்பட்டது இஸ்லாமியத் தீவிரவாதக் குழு. 2007இல் சம்ஜவுதா எக்ஸ்பிரஸ் எரிந்து 68 பேர் மாண்ட வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை குற்றம் சாட்டியது இந்துத் தீவிரவாதிகள் மீது. 2019இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இந்தப் பட்டியலிலிருந்து எந்த முகத்தை எடுத்துப் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டுவது? இதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தியைக் கொன்றவர்கள் பாரிமுனையில் ஏறி, எல்லோரையும்போல டிக்கெட் எடுத்து, பேருந்தில்தான் வந்தார்கள். கையில் மாலை, கேமரா. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குச் சந்தேகம் வர என்ன இருந்தது?

காசிக்கே திரும்பினால், வெடித்த பிறகு அந்த ஊர் கலவரத்தில் இறங்கவில்லை. சங்கட மோசன் மடத்தின் மகந்த் வீரபத்ர மிஸ்ரா அமைதி காக்கச் சொன்னார், கோயில் வழிபாட்டை நிறுத்தவில்லை. முஸ்லிம் மதத் தலைவர்கள் வந்து அவரோடு நின்றார்கள். அங்கே பட்டு நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், விற்கிறவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு அடுப்பெரியாது. ஊரைப் பிளப்பதே வைத்தவர்களின் நோக்கமாக இருந்திருந்தால், அன்று அது நிறைவேறவில்லை.

ஒரு கோடிப் பேர் வந்த ஊர்

காஞ்சிபுரம் எவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்கும் என்பது 2019இல் தெரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்பது அப்போதைய கணக்கு. அதற்குச் சில வாரம் முன்புதான், ஏப்ரல் 21 அன்று, இலங்கையில் ஈஸ்டர் வழிபாட்டில் இருந்தவர்களையும் ஓட்டல்களில் இருந்தவர்களையும் குண்டுகள் கொன்றிருந்தன. 260க்கும் மேற்பட்ட உயிர்கள். தாக்குதல் வரப்போகிறது என்று இந்தியா ஏப்ரல் 4 அன்றே சொல்லியும் அங்கே யாரும் அசையவில்லை. எச்சரிக்கை கையில் இருந்தும் செயல்படாத தவறுக்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சூழலில்தான் காஞ்சி தன் வாசலைத் திறந்தது.

வெளியூர் வண்டிகளை ஊருக்குள் விடாமல் ஓரிக்கை, ஒலிமுகமதுபேட்டை போன்ற இடங்களில் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைத்தார்கள். அங்கிருந்து சிறு வண்டிகளில் கோயில் பக்கம் கொண்டுபோனார்கள். நெரிசலுக்காகச் செய்த ஏற்பாடு இது. பாதுகாப்புக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது: பேருந்துக் கூட்டம் ஒரே இடத்தில் குவியவில்லை, பெரிய வண்டி எதுவும் கோபுரத்தடிக்குப் போகவில்லை. திட்டமிட்டவர்களைப் பாராட்டுகிறேன். ஆனாலும் ஜூலை 18 அன்று நெரிசலில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த 48 நாளில் உயிரைப் பறித்தது எந்தத் தீவிரவாதியும் அல்ல, நெரிசல். கூட்டத்தைக் காப்பது என்று பேசும்போது இதை மனத்தில் முதலில் வைக்க வேண்டும்.

ஏனென்றால் குண்டு வெடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாக்தாதில் 2005 ஆகஸ்ட் 31 அன்று தர்காவுக்கு நடந்துபோன பக்தர்கள் ஒரு பாலத்தில் நெருங்கியிருந்தபோது, கூட்டத்துக்குள் தற்கொலைக் குண்டுதாரி இருக்கிறான் என்ற வதந்தி கிளம்பியது. நசுங்கியும் ஆற்றில் விழுந்தும் செத்தவர்கள் 900க்கும் மேல். அந்தப் பாலத்தில் வெடித்த குண்டு ஒன்றும் இல்லை. கருட சேவை நாளில் காஞ்சியின் ஒரு சந்தில் யாரோ குண்டு என்று கத்தினால் என்ன ஆகும் என்பதை நினைத்தே பார்க்க முடியவில்லை. அதனால்தான், சந்தேகப் பொருளைக் கண்டவர் கூச்சலிடக் கூடாது. தொடவும் கூடாது. விலகி நின்று, பக்கத்தில் இருப்பவரை மெல்ல விலகச் சொல்லி, கண்டக்டரிடமோ போலீஸிடமோ சொல்ல வேண்டும். ரயிலில் 139, மற்ற இடங்களில் 112.

தொடாதே என்பதற்கு இந்தப் பக்கத்திலேயே வலிமிகுந்த ஒரு சாட்சி உண்டு. அதே 2019 ஆகஸ்ட் 25 அன்று, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த திருப்போரூர் அருகே மானாமதி கிராமத்தில், கோயில் குளத்தைத் தூர்வாரும்போது கிடைத்த ஓர் இரும்புப் பொருளை இளைஞர்கள் கையாளும்போது அது வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். ராணுவப் பயிற்சிக் களத்தின் பழைய குண்டு என்று விசாரணை சொன்னது. வைத்தவர் யாருமில்லை, எதிரி யாருமில்லை. என்ன இது என்ற ஆர்வம் மட்டும்தான்.

வேண்டுமென்றே வைக்கப்பட்டவையும் உண்டு. சென்னை சென்ட்ரலில் 2014 மே 1 காலை, குவாஹாட்டி எக்ஸ்பிரஸின் இரண்டு பெட்டிகளில் வெடித்த குண்டுகள் ஓர் இளம்பெண்ணின் உயிரைக் குடித்தன. பதினான்கு பேர் காயமடைந்தார்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண் அவர். 2022 நவம்பரில் மங்களூரில் ஆட்டோவுக்குள் குண்டு வெடித்தபோது, அதைக் கொண்டுவந்தவர் மைசூரிலிருந்து பேருந்தில்தான் வந்திருந்தார் என்பது தெரியவந்தது. அந்தப் பேருந்தில் கூட வந்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்தது தற்செயல். இந்தத் தற்செயலை நம்பித்தான் நாம் தினமும் ஏறி உட்கார்கிறோமா என்ற கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

யார் வைத்தது என்று சரியாகக் கண்டுபிடிப்பதும் அடுத்த ரயிலைக் காக்கிற வேலைதான். 2006 ஜூலை 11 மாலை மும்பைப் புறநகர் ரயில்களில் பதினோரு நிமிடத்துக்குள் ஏழு குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தண்டனை பெற்றிருந்தவர்கள் அனைவரையும், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. காசி வழக்கில் 2022இல் ஒருவருக்கு மரண தண்டனை விதித்த நீதிமன்றம், ரயில் நிலையக் குண்டு வழக்கில் மட்டும் சான்று போதாது என்று அவரை விடுவித்தது. அப்படியானால் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வைத்தது யார்? வழிகிற ரத்தத்துக்கு அவசரமாக ஒரு பெயரைக் கொடுத்துக் கோப்பை மூடினால், உண்மையில் வைத்தவர் அடுத்த டிக்கெட்டை எடுக்கிறார்.

காஞ்சிக்கு வேண்டிய ஆள்பலம் தொலைவில் இல்லை. டெல்லி மெட்ரோவையும் விமான நிலையங்களையும் காக்கிற மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம், காஞ்சிக்கு வடக்கே இதே ரயில் தடத்தில், தக்கோலத்தில்தான் இருக்கிறது. 2025 மார்ச்சில் அதற்கு ராஜாதித்த சோழன் பெயரைச் சூட்டினார்கள். அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படை இருக்கிறது. நாடெங்கும் போய்க் காவல் நிற்கிறவர்கள் பயிற்சி பெறுகிற ஊரிலிருந்து ஒரு யூனிட் ரயில் தூரத்தில், காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தின் கண்டக்டர்களும் டைம் கீப்பர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் பூக்காரர்களும் இருக்கிறார்கள். அங்கிருந்து நாலு பயிற்றுநர்கள் ஒரு நாள் வந்து இவர்களோடு உட்கார்ந்தால் போதும். கற்பதற்கு இரு பக்கமும் விஷயம் இருக்கிறது.

வைகாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவை ஆண்டுதோறும் வருகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பு, விடியற்காலையில், பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் உரிமையாளர் இல்லாத ஒரு வெற்றுப் பையை வைத்துப் பார்க்கலாம். முதலில் கண்டவர் யார், யாரிடம் சொன்னார், சொன்னதைக் கேட்டார்களா, வண்டிகளை எந்த வழியாகத் திருப்பினார்கள், ஒலிபெருக்கியில் பேசியவர் யார் என்பதை எழுதிவைக்க வேண்டும். ஒத்திகை முடிந்த மறுநாளே அந்த விவரங்களை, பிசகிய இடங்கள் உள்பட, மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் ஊரறிய வெளியிட வேண்டும்.